லேகியோன், 2000 பன்றிகள், ஒரு மாத்திரை அட்டை

"ஏனுங்க, பையனுக்கு ஜெபம் பண்ணி மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட வலிப்பு வரலீங்க. இனி மாத்திரையை நிறுத்திப் போட்றலாமுங்களா?"

எங்க பைபிள் ஸ்டடியில ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்ன பதில் கிடைச்சதுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். அந்தக் கேள்விதான் என்னை ரெண்டு மாசமா கண்ட புத்தகத்தையும் புரட்ட வெச்சது.

ஒரு டிஸ்கி முதல்லயே. நான் இறையியல் படிச்சவன் இல்லை. படிச்சது பொறியியல், பிழைப்பு சரவணம்பட்டியில், அடுத்தவன் எழுதின கோடுல பிழை தேடுறது. தப்பு இருந்தா தெரிஞ்சவங்க திருத்துங்க.

ஞாயித்துக்கிழமை பொழுதோட சாயிபாபா காலனியில ஒரு வீட்டு மாடியில கூடுவோம். ஒன்பது பத்து பேர். பாஸ்டர்னு யாரும் கிடையாது. ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியாரய்யா ஒருத்தர், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கற மாமா ஒருத்தர், ஒரு நர்ஸ் அக்கா, என்னை மாதிரி நாலைஞ்சு கம்ப்யூட்டர் பசங்க. மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்துல இருந்து வரிசையா படிக்கறதுன்னு முடிவு. நாலு சுவிசேஷத்துல மாற்குதான் சின்னது, சீக்கிரம் முடியும்னு நினைச்சோம். முடியலை. முதல் அதிகாரத்துலயே கப்பர்நகூம் ஜெப ஆலயத்துல ஒரு அசுத்த ஆவி கத்துது. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் பிசாசு, சுகம், பிசாசு, சுகம். (யோவான்ல பிசாசு துரத்தற சம்பவம் ஒண்ணு கூட இல்லைங்கறது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் தேடிப் பார்த்துட்டுத்தான் நம்பினோம்.)

அஞ்சாம் அதிகாரம் வந்தப்ப வண்டி நின்னுடுச்சு. கல்லறைகளுக்குள்ள குடியிருக்கற மனுஷன், சங்கிலியால கட்டியும் அடங்காதவன், ராவும் பகலும் கத்திக்கிட்டு கல்லால தன்னையே கீறிக்கறவன். இயேசு பேரைக் கேட்கிறார், "லேகியோன்"னு பதில் வருது. பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள்ள போக, ஏறக்குறைய 2000 பன்றி மேட்டுல இருந்து பாய்ஞ்சு கடல்ல மூழ்கிப் போகுது.

பல்லடம் மாமாவுக்கு பிசாசு பத்தி ஒரு சந்தேகமும் இல்லை. அவர் கேட்டது வேற. "ரெண்டாயிரம் உருப்படி தம்பி. அந்தப் பண்ணைக்காரனுக்கு யாரு பணம் குடுத்தாங்க?" எல்லாரும் சிரிச்சோம். ஆனா மாற்குவே அதைத்தான் சொல்றார். மேய்க்கறவங்க ஓடிப்போய் ஊருக்குள்ள சொல்ல, ஊர் ஜனம் வந்து பார்க்குது, புத்தி தெளிஞ்சு துணி உடுத்தி உட்கார்ந்திருக்கற மனுஷனையும் பார்க்குது, பன்றிகளுக்கு நடந்ததையும் கேட்குது. உடனே இயேசுவை எங்க எல்லையை விட்டுப் போயிடுங்கன்னு வேண்டிக்குது. ஒரு மனுஷன் குணமானதுக்கு ஆன செலவு அந்த ஊருக்குக் கட்டுப்படியாகலைன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். கொங்கு நாட்டு மூளைக்கு இது சட்டுனு பிடிபடும். :-)

அந்த ஊர் எதுங்கறதுலயே ஒரு பழைய சிக்கல் இருக்கு. நம்ம பழைய தமிழ் பைபிள்ல மாற்குவும் லூக்காவும் கதரேனர் நாடுங்கறாங்க, மத்தேயு கெர்கெசேனர் நாடுங்கறார். (அதோட மத்தேயுவுல பிசாசு பிடிச்சவங்க ரெண்டு பேர்!) பழைய கிரேக்கப் பிரதிகள்ல கெரசா, கதரா, கெர்கெசான்னு மூணு பேரும் வருது. கெரசாங்கறது இன்னைக்கு ஜோர்தான்ல இருக்கற ஜெராஷ். கடல்ல இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல. அங்கிருந்து பன்றி ஓடி வந்து குதிக்கணும்னா கோயமுத்தூர்ல கிளம்பி திருப்பூர்ல போய் விழணும். கதராவும் பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு. மூணாம் நூற்றாண்டுலயே ஓரிகன்ங்கற அறிஞர் இது ஒத்துவரலையேன்னு கண்டுபிடிச்சு, கடலோரத்துல இருக்கற கெர்கெசாதான் சரின்னார். 1970-ல கலிலேயாக் கடலுக்குக் கிழக்கே குர்சியில ரோடு போடத் தோண்டினப்ப ஒரு பழைய கிறிஸ்தவ மடம் வெளிய வந்துச்சு. 5, 6-ஆம் நூற்றாண்டு, மொசைக் தரையோட. அந்தக் காலத்து யாத்ரீகர்கள் பன்றி குதிச்ச இடம்னு நம்பி வந்து கும்பிட்டது அங்கேதான்.

லேகியோன்ங்கறது ரோமப் படைப்பிரிவோட பேர். சுமார் 5000 பேர். பாலஸ்தீனத்துல இருந்த பத்தாவது லேகியோனோட சின்னங்கள்ல ஒண்ணு காட்டுப்பன்றி. பட்டாளம் ஊரைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கற காலத்துல, ஒருத்தனுக்குள்ள பட்டாளம் புகுந்து அது பன்றிக்குள்ள போய் கடல்ல விழுதுன்னு கேட்டா, கேட்கிறவன் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்க மாட்டானா? இப்படி அரசியலா படிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கு பாதி சம்மதம். பாதி, ஏன்னா கல்லால தன்னைக் கீறிக்கறவன் வெறும் உருவகம் மாதிரி எனக்குத் தெரியலை. அப்படி ஒருத்தரை எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயே பார்த்திருக்கேன்.

அன்னைக்கு வாத்தியாரய்யா ஒரு கேள்வி போட்டார். "உம் பேர் என்னன்னு கேட்கிறாரே, இதை நீங்க வேற எங்க கேட்டிருக்கீங்க?" எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம், பேயோட்டறப்ப.

நம்ம பக்கம் பேயோட்டறதைப் பார்க்காத கிராமத்துப் பிள்ளை கிடையாது. உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம், சாம்பிராணி. பூசாரி முதல்ல கேட்கிறது, நீ யாரு, எந்த ஊரு, எப்படிச் செத்தே, எங்க பிடிச்சே, என்ன வேணும். நம்ம பேய்க்கு ஒரு ஊரும் பேரும் சாவும் கட்டாயம் உண்டு. கிணத்துல விழுந்தவ, தூக்குல தொங்கினவன், கல்யாணம் ஆகாம போனவன். ஆயுசு முடியாம செத்தவங்க. கடைசியில போறதுக்கு அடையாளம் கேட்பாங்க. உச்சி முடியைப் பிடிச்சு புளியமரத்துல ஆணி அடிக்கறது, தலையில கல்லைச் சுமந்துட்டு ஓட விடறதுன்னு. இசபெல் நபோகோவ்ங்கற மானிடவியலாளர் தென்னார்க்காடு பக்கம் தங்கி இதையெல்லாம் விவரமா பதிவு பண்ணி 2000-ல புத்தகமே போட்டிருக்காங்க. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பக்கம் நடக்கறது எல்லாம் அதுல வருது.

ஆச்சரியம் என்னன்னா, முதல் நூற்றாண்டு யூதர்கள்கிட்டயும் இதே மாதிரி அடையாளம் கேட்கிற வழக்கம் இருந்திருக்கு. ஜோசிஃபஸ்ங்கற யூத சரித்திர ஆசிரியர், எலெயாசர்னு ஒருத்தர் வெஸ்பாசியன் முன்னால பேயோட்டினதை எழுதியிருக்கார். மோதிரத்துக்குள்ள ஒரு வேர். அதை பிடிச்சவனோட மூக்குல காட்டி பேயை மூக்கு வழியா இழுத்து எடுத்தாராம். பேய் வெளிய போனதுக்கு அத்தாட்சி, தள்ளி வெச்சிருக்கற தண்ணிப் பாத்திரத்தை அது கவிழ்க்கணும். பன்றிகள் பாய்ஞ்சதும் கேட்கிற ஜனத்துக்கு அப்படி ஒரு அத்தாட்சியா இருந்திருக்கலாம்.

ஆனா வித்தியாசமும் இருக்கு. அதைச் சொன்னதும் வாத்தியாரய்யாதான். மாற்குல எங்கயும் நீ யாரோட ஆவி, எப்படிச் செத்தேங்கற விசாரணையே இல்லை. பிசாசுங்கறது செத்துப்போன கெட்டவங்களோட ஆவின்னு ஜோசிஃபஸ் ஓரிடத்துல சொல்றார். ஏனோக்கு நூல் அதை செத்த இராட்சதர்களோட ஆவிங்குது. ரெண்டும் அந்தக் காலத்துல புழங்கின கருத்துதான். மாற்கு அந்தப் பக்கமே போகலை. வேரும் இல்லை, மோதிரமும் இல்லை, ஆணியும் இல்லை. வெளியே போன்னு ஒரு கட்டளை, முடிஞ்சது. நாம படிக்கறப்ப மட்டும் நம்ம கிணத்தடிப் பேயை அதுக்குள்ள ஏத்திப் படிக்கிறோம்.

இதுல மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. கிரேக்கத்துல ரெண்டு தனித்தனி சொல். தலைவன் சாத்தானுக்கு தியாபொலோஸ். சில்லறை ஆவிகளுக்கு தைமோனியோன். நம்ம வீட்டுல இருக்கற பழைய பைபிள் (1871-ல முழுசா வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வழியில வந்தது) ரெண்டுக்குமே பிசாசுன்னு போட்டுடுச்சு. இதுல என்ன ஆகுதுன்னா, சீக்கு வந்த பிள்ளைக்குள்ள இருக்கறதும், வனாந்தரத்துல இயேசுவைச் சோதிச்சதும் ஒரே ஆள்னு நாம முடிவு பண்ணிடறோம். அப்புறம் அந்தப் பிள்ளையைப் பார்க்கற பார்வையே மாறிடுது இல்லையா? 1995-ல வந்த திருவிவிலியம் பிரிச்சுப் போட்டுச்சு. தைமோனியோனுக்குப் பேய், தியாபொலோஸுக்கு அலகை. நல்ல வேலை. ஆனா பேய்னு போட்டதும் மறுபடி புளியமரம் ஞாபகம் வந்துடுது! தமிழ்ல பேய்ங்கற சொல் லேசுப்பட்டதில்லை. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய்னு சொல்லிக்கிட்டவர், வைணவத்துல ஒரு ஆழ்வார் பேரே பேயாழ்வார்.

சரி, இந்தக் கதைகளை நம்ம மண்ணுல முதல்ல படிச்சவங்க என்ன பண்ணினாங்க? இங்கதான் நான் புத்தகம் புரட்ட ஆரம்பிச்சேன்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-ல முத்துக்குளித்துறைக்கு வர்றார். 1544 ஜனவரியில எழுதின கடிதத்துல சொல்றார், நோயாளிங்க வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொல்லி அத்தனை பேர் கூப்பிடறாங்க, தன்னால முடியலை, அதனால ஜெபம் மனப்பாடமா தெரிஞ்ச சின்னப் பசங்களை வீடு வீடா அனுப்பிட்டேன்னு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. மந்திரவாதி கிடையாது, பீஸ் கிடையாது, ஊர்ப் பொடியன் போய் திண்ணையில நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லிட்டு வர்றான்.

அடுத்து மதுரை மிஷன். 1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி 1623-ல சேலம், சேந்தமங்கலம் பக்கம் வர்றார். 1640-ல பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமியா மாறினார். அதாவது நம்ம ஊர் சைவப் பண்டாரம் மாதிரி உடை, நடை. அந்த வழியிலதான் சத்தியமங்கலம், கருமத்தம்பட்டின்னு கொங்கு நாட்டுல கத்தோலிக்கம் வேர் பிடிக்குது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அந்த இயேசு சபைக்காரங்க ஐரோப்பாவுக்கு எழுதின வருஷக் கடிதங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது பேய் ஓடினதும் சீக்கு தீர்ந்ததும்தான். அதிலயும் பல சமயம் ஓட்டினது பாதிரியார் இல்லை, உபதேசியாரோ புதுசா சேர்ந்த குடியானவனோ. எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை. பண்டாரம் வந்தா திருநீறு வாங்கி மந்திரிச்சுக்கறது ஜனங்களோட வழக்கம். பண்டாரசாமி வந்தா அதையேதானே கேட்பாங்க?

தரங்கம்பாடியில 1706-ல இறங்கின சீகன்பால்கு வேற மாதிரி ஆள். அவர் உட்கார்ந்து விசாரிச்சார். மலபார் தெய்வங்களோட வம்சாவளின்னு 1713-ல ஒரு புத்தகம் எழுதி முடிச்சார். மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார், இவங்க எப்படி ஊரைப் பேய்கள்கிட்ட இருந்து காக்கறாங்கன்னு ஜனங்க நம்பறாங்கங்கறது எல்லாம் அதுல இருக்கு. ஜெர்மனிக்கு அனுப்பினார், அங்கே அச்சுப் போடலை. 1867-லதான் சென்னையில அச்சாச்சு. 150 வருஷத்துக்கு மேல! ஆனா அவரோட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715-ல தரங்கம்பாடியிலயே அச்சாயிடுச்சு.

இங்க கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் வந்தது 1830-ல, ஆடிஸ் ஐயரோட. அவங்க வழி மெல்ல ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புச்சு. அதே மிஷன் தெற்கே நெய்யூர்ல 1838-லயே ஆர்ச்சிபால்ட் ராம்சேங்கற டாக்டரை வெச்சு வைத்தியம் ஆரம்பிச்சிருந்தது. (பின்னாடி 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள்ல ஏறின சோமர்வெல், இங்கிலாந்து வாழ்க்கையை விட்டுட்டு வந்து வேலை பார்த்தது அந்த நெய்யூர் ஆஸ்பத்திரியிலதான். அது தனிக் கதை.) எங்க ஈரோட்டுல பிரப் ஐயர். இன்னைக்கு அந்த ரோட்டுக்கு மீனாட்சி சுந்தரனார் சாலைன்னு பேர், ஆனா ஆட்டோக்காரர்கிட்ட பிரப் ரோடுன்னாதான் தெரியும். லண்டன் மிஷன் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி இன்னைக்கு சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. எங்கம்மா பிறந்தது அங்கதான். எங்க அம்மிச்சி கடைசி வரைக்கும் அதை மிஷன் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். ஓ.பி.ல சீட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் நடக்கும், அப்புறம் மருந்து குடுப்பாங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டதே இல்லைன்னு சொல்லும்.

அதுக்காக இந்த ரெண்டு வழியும் கிறிஸ்தவங்களுக்கு மட்டும் உரியதுன்னு நினைச்சுக்காதீங்க. போன நூற்றாண்டு ஆரம்பத்துல கோயமுத்தூரை பிளேக் ஆட்டி வெச்சப்ப ஜனங்க பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினாங்க, இன்னும் இருக்கு. அதே ஜனங்கதான் முனிசிபாலிட்டி சொன்னதுன்னு ஊருக்கு வெளிய குடிசை போட்டும் தங்கினாங்க.

இப்ப சங்கிலிக்கு வர்றேன். மாற்கு அஞ்சுல நான் மூணு தடவை படிச்சும் தவறவிட்ட விஷயம் இது. அந்த மனுஷனை விலங்கும் சங்கிலியும் போட்டுக் கட்டினது பிசாசு இல்லை, ஊர்க்காரங்க. பயத்துல கட்டியிருப்பாங்க, அவன் நல்லதுக்குன்னு கூட கட்டியிருப்பாங்க. கதை முடியறப்ப அவன் சங்கிலி இல்லாம உட்கார்ந்திருக்கான்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அப்ப எனக்கு வயசு நாலு, வளர்ந்தப்புறம் படிச்சதுதான். தர்காவுக்குப் பேய், சித்தபிரமைன்னு சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்தவங்களை வெச்சுப் பார்த்துக்க சுத்தி தனியார் காப்பகங்கள் முளைச்சிருந்தன. அதுல ஒண்ணுல, ஓலைக் கொட்டகையில, விடியக்காலை தீ. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியலை. 28 பேர் செத்துப் போனாங்க. உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கா எடுத்துக்குச்சு. 2017-ல வந்த மனநல பராமரிப்புச் சட்டத்தோட 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு சொல்லுது. இதை ஒரு மதத்துக் கணக்குல எழுதறது தப்பு. கொங்கு நாட்டுல இருந்து ஏர்வாடிக்கும் போவாங்க, குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போவாங்க, தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் போவாங்க (நம்ம புஞ்சை புளியம்பட்டி இல்லைங்க). ஒரே குடும்பம் ஒரே வருஷத்துல மூணுக்கும் போயிருக்கும். வெசனம் பிடிச்ச தாய்க்கு மதம் ஏது.

ஒன்பதாம் அதிகாரம் வந்தப்பதான் அந்த அக்கா கேள்வியைக் கேட்டாங்க. அதுல வர்ற பையன் கீழ விழறான், நுரை தள்றான், பல்லைக் கடிக்கிறான், விறைச்சுப் போறான். மாற்கு அதை ஊமையான ஆவிங்கறார். மத்தேயு அதே பையனுக்கு கிரேக்கத்துல நிலவோட சம்பந்தப்பட்ட ஒரு சொல்லைப் போடறார், நம்ம பழைய பைபிள்ல சந்திரரோகி. திருவிவிலியத்துல நேராவே வலிப்பு நோய். அதாவது ஒரே பையனுக்கு பைபிளுக்குள்ளயே ஆவின்னும் பேர் இருக்கு, நோய்னும் பேர் இருக்கு.

அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஓரமா உட்கார்ந்து முறுக்கு தின்னுட்டு கலர் பென்சில்ல லாரி வரைஞ்சுட்டு இருந்தான். கேள்வி வந்ததும் மாடி ரெண்டாப் பிரிஞ்சது. விசுவாசத்தோட ஜெபிச்சப்புறம் மாத்திரை எதுக்குன்னு ஒருத்தர். மாத்திரையும் ஆண்டவர் குடுத்ததுதானேன்னு இன்னொருத்தர். அதிகாரத்தோட கடைசியில ஜெபத்தோட உபவாசமும் வருதே, பையனை ஒரு நாள் உபவாசம் வெச்சு முழு இரவு ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மூணாவது ஆள். இதே சண்டை மூணாம் நூற்றாண்டுல இருந்தே நடக்குது. மேல சொன்ன ஓரிகன், மத்தேயுவுக்கு எழுதின விளக்கத்துல, வைத்தியருங்க இதை தலையில இருக்கற ஈரத்தோட, நிலாவோட சம்பந்தப்படுத்திச் சொல்றாங்க, நாம சுவிசேஷத்தை நம்பறவங்க இது அசுத்த ஆவின்னுதான் சொல்லணும்னு எழுதறார். அவருக்கு அறுநூறு வருஷம் முன்னாடியே ஹிப்போகிராட்டஸ் பேர்ல இருக்கற நூல், இது மத்த நோயை விட எந்த விதத்திலயும் தெய்வீகம் இல்லை, இதுக்கும் காரணம் உண்டுன்னு சொல்லிடுச்சு. ஊர் அறிவெல்லாம் தெரிஞ்ச ஓரிகன் இந்த இடத்துல மட்டும் டாக்டர் பேச்சைக் கேட்கலை. எனக்கு அவர் மேல கோபமே வந்தது.

கோபத்துக்குக் காரணம் எங்க சித்தி பொண்ணு. அவளுக்கு ஆறு வயசுல இருந்து வலிப்பு. வந்தா கையில சாவிக்கொத்தைத் திணிப்பாங்க. (இரும்பைப் பிடிச்சா நிக்கும்னு நம்பிக்கை. தானா நிக்கற நேரத்துல நிக்கும், பேர் சாவிக்கு.) மாத்திரையில நல்லா இருந்தா. எட்டு வயசுல ஒரு ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எந்தக் கூட்டம், யாருங்கறது வேண்டாம். மாத்திரை போட்டா நீங்க நம்பலைன்னு அர்த்தம்னு சொன்னாங்க. சித்தி நிறுத்திட்டாங்க. பதினொண்ணாம் நாள் சத்தி போற பஸ்ல வந்தது. நிக்கவே இல்லை. ட்ரைவர் அண்ணன் எந்த ஸ்டாப்லயும் நிறுத்தாம பஸ்ஸை நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டு போனார். மூணு நாள் ஐ.சி.யூ. பிழைச்சுட்டா. இப்ப திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு பார்க்கறா, தினமும் மாத்திரை போடறா. சித்தி மட்டும், எனக்கு விசுவாசம் பத்தலை, அதான் வந்துச்சுன்னு ரொம்ப வருஷம் அழுதுட்டு இருந்தாங்க. நிறுத்தச் சொன்னவங்க மேல கோபமே வரலை அவங்களுக்கு.

இதை நான் மாடியில சொல்லலை. சொல்ல வாய் வரலை. உபவாச விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னேன். மிகப் பழைய பிரதிகளான வத்திக்கான், சீனாய் பிரதிகள்ல மாற்கு அந்த இடத்துல ஜெபம் மட்டும்தான் இருக்கு, உபவாசம்ங்கற சொல் இல்லை. பின்னாடி வந்த பிரதிகள்லதான் சேருது. மத்தேயுவுல அந்த வசனமே அந்தப் பிரதிகள்ல கிடையாது. சேர்த்தவரு எங்கயோ மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஒரு சொல்லைச் சேர்த்தாரு, அதுக்கு ஏழு வயசுப் பையன் பட்டினி கிடக்கணுமா? கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன் போல. எல்லாரும் அமைதியாயிட்டாங்க.

அதுவரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாம இருந்த நர்ஸ் அக்கா பைபிளைத் திறந்து வெச்சுட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, இந்த அதிகாரத்துல அந்தப் பையன் விழுந்து கிடக்கறப்ப சீஷர்களும் வேதபாரகரும் என்ன பண்ணிட்டு இருக்காங்க பாருங்க. தர்க்கம். ரெண்டாவது, இயேசு வந்ததும் பிசாசுகிட்ட பேர் கேட்கலை. பையனோட அப்பாகிட்ட கேட்கிறார், எவ்வளவு காலமா இப்படி இருக்குன்னு. "சின்ன வயசுல இருந்துன்னு அப்பா சொல்றார். நெருப்புலயும் தண்ணியிலயும் விழுந்திருக்கான்னும் சொல்றார். வலிப்புன்னு யார் வந்தாலும் ஓ.பி.ல நாங்க முதல்ல கேட்கிறது இதையேதான், தம்பி."

இருபது வருஷமா அந்தக் கதையைக் கேட்கிறேன். அந்தக் கேள்வி என் காதுல விழுந்ததே இல்லை. அப்பன்காரன் சொல்ற பதிலும் நினைச்சுப் பார்த்தா, நம்பறேன், ஆனா நம்பிக்கை பத்தலை, அதுக்கும் நீங்களே உதவி பண்ணுங்கங்கற மாதிரிதான். அப்படிச் சொன்னவனை யாரும் திட்டலை, பையனும் எழுந்து நிக்கறான். எங்க சித்திக்கு அதை அன்னைக்கு யாராவது படிச்சுக் காட்டியிருக்கலாம்.

நர்ஸ் அக்கா அந்த அக்காவுக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. எவ்வளவு காலமா இருக்கு, கடைசியா எப்ப வந்தது, தூங்கறப்பவா முழிச்சிருக்கறப்பவா, யார்கிட்ட காட்டறீங்க. வலிப்பு நிக்கறது பல சமயம் மாத்திரை வேலை செய்யறதாலதான், ரெண்டு வருஷமாவது வராம இருந்தா டாக்டர்தான் யோசிச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார், சட்டுனு நிறுத்தினா விடாம வரும், ராத்தூக்கம் கெட்டாலும் வரும், அதனால முழு இரவு ஜெபத்துக்குப் பெரியவங்க போங்க, பையன் வீட்டுல தூங்கட்டும். அந்த அக்கா ஹேண்ட்பேக்ல இருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் குடுத்தாங்க. பத்துல நாலு காலியா இருந்தது. நர்ஸ் அக்கா திருப்பி தேதியைப் பார்த்துட்டு, எட்டு மணி மாத்திரை இன்னைக்குப் போட்டாச்சான்னு கேட்டாங்க. இல்லைங்கன்னாங்க. மணி எட்டே கால். கீழ போய் நான்தான் தண்ணி எடுத்துட்டு வந்தேன். பையன் வாயில இருந்த முறுக்கை முழுங்கிட்டுத்தான் மாத்திரை போடுவேன்னான்.

அடுத்த வாரம் பத்தாம் அதிகாரம், குருடன் பர்திமேயு வர்றான். அவன் மேல் வஸ்திரத்தை எறிஞ்சுட்டு எழுந்து வந்தானே, அதை அப்புறம் யார் எடுத்தாங்கன்னு பல்லடம் மாமா இப்பவே கேட்டு வெச்சிருக்கார்.